வாசனை வேறு, தூய்மை வேறு

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது நஞ்சன்கூடு. ஆற்றை அவ்வூரார் கபிலை என்றே வழங்குகின்றனர். நஞ்சுண்ட பெருமானாகிய ஸ்ரீகண்டேசுவரர் எழுந்தருளியிருக்கும் ஊராதலால் அதற்கு இப்பெயர் உண்டாயிற்று. நஞ்சு என்ற சொல்லும் கூடு என்ற சொல்லும் கன்னடத்திற்கும் தமிழுக்கும் பொதுவானவை. ஆகையால் ஊரின் பெயரைக் கேட்டமாத்திரத்தில் தமிழர் எவருக்கும் அந்நிய ஊர் என்ற எண்ணம் தோன்றாது. மாறுதலாகி மைசூருக்கு வந்த புதிதில் நானும் அப்படி எண்ணியே, கோயில் வாசலில் இருந்த கடை ஒன்றில் நின்று, "பூந்திக்கொட்டை இருக்கிறதா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

கடைக்கார அம்மையாருக்கு விளங்கவில்லை. என் மனைவி இரு கைகளையும் தேய்த்து நுரை எழுவதுபோல் சைகை செய்து காட்டினாள். அம்மையார் சிரித்துக்கொண்டே, "அண்டுவாளவா?" என்று கேட்டுச் சாக்குப் பையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காண்பித்தார். சுருங்கிய பழுப்புத் தோலும், உள்ளே கலகலவென்று உருளும் கருங்கொட்டையும் உடைய நம்மூர்ப் பூந்திக்கொட்டையேதான். பெயர் தெரியாத குறையினால் நான்கு மாதமாக என் வீட்டில் பட்டுப் புடவைகள் துவைக்கப்படாமல் கிடந்தன.

அதே வீதியில் வேறொரு கடையில் வண்ண வண்ணமான புட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தரை துடைக்கும் திரவம், பாத்திரம் துலக்கும் திரவம், துணி துவைக்கும் திரவம் என்று பலவகை. யாவற்றின் மீதும் இலையும் பூவும் அச்சிடப்பட்டு, தாவரங்களிலிருந்து செய்தது, இயற்கை நறுமணம் உடையது என்ற வாசகங்கள் காணப்பட்டன. சாக்குப் பையிலிருந்த காய்க்கும் புட்டியிலிருந்த திரவத்திற்கும் உறவு உண்டா? இருந்தால் எத்தகைய உறவு? இல்லம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய செய்தி இது. பணத்தைப் பொறுத்த விஷயம் மாத்திரமன்று. குழந்தைகளின் நலத்தையும் பொறுத்தது.

மொழிபெயர்ப்பு என் தொழில். பல ஆண்டுகளுக்கு முன் அலுவலகத் துப்புரவுப் பொருள்களைப் பற்றிய சுற்றறிக்கை ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தது. மூலத்தில் மூன்று வெவ்வேறு சொற்கள் இருந்தன. மூன்றையும் நான் 'சுத்திகரிப்புப் பொருள்' என்றே எழுதிவிட்டேன். மேலதிகாரி சிவப்பு மையினால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அழுக்கை அகற்றுவது ஒன்று. கிருமியைக் கொல்வது மற்றொன்று. நாற்றத்தை மறைப்பது வேறொன்று. மூன்றும் ஒன்றாகுமா என்பது அவர் கேள்வி. அன்று எனக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது உண்மை. ஆனால் புட்டிகளின் மேலட்டைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மையே நினைவுக்கு வருகிறது. மூன்று வேலைகளையும் ஒன்றாகக் குழப்பிவிடும் வழக்கம் என்னோடு நின்றதன்று.

முதலில் அழுக்கு அகற்றும் வேலையைக் கவனிப்போம். எண்ணெய்ப் பசையுள்ள அழுக்கின் மீது வெறும் நீரை ஊற்றினால் நீர் உருண்டு ஓடிவிடும். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல விறைப்புடன் இருப்பதே அதற்குக் காரணம். பூந்திக்கொட்டையின் தோலிலும் சீயக்காயிலும் அரப்பு இலையிலும் சபோனின் என்னும் பொருள் உள்ளது. அதன் அணுத்திரளில் ஒரு பகுதி நீரை நாடும். மறு பகுதி எண்ணெயை நாடும். நீரில் கரைந்ததும் அது அந்த விறைப்பைத் தளர்த்துகிறது. நீர் துணியின் இழைகளுக்குள் புகுகிறது. எண்ணெய்ப் பசை சிறு துளிகளாகப் பிரிந்து நீரோடு போய்விடுகிறது. சோப்பு செய்யும் வேலையும் இதுவே. பூந்தி மரத்திற்குத் தாவர நூலார் சூட்டிய சப்பிண்டஸ் என்ற பெயருக்கே இந்தியச் சோப்பு என்றுதான் பொருள்.

இவ்விரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சோப்பு காரத்தன்மை உடையது. பூந்திக்கொட்டை நீர் சற்றே புளிப்புத் தன்மை உடையது. பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை. காரம் புரதத்தை அரிக்கும். ஆதலால் சலவைச் சோடாவில் ஊறிய பட்டு நாளடைவில் பளபளப்பு இழந்து நைந்துவிடும். காஞ்சிபுரத்துப் பட்டையும், 1912-ஆம் ஆண்டு முதல் மைசூர் ஆலையில் நெய்யப்பட்டுவரும் பட்டையும், காசுமீரத்துச் சால்வையையும் அந்தந்த ஊர் மூதாட்டியர் ஒருவரையொருவர் கேளாமலே பூந்திக்கொட்டை நீரில் அலசிவந்தனர். பொற்கொல்லர் நகைகளுக்கு மெருகூட்டுவதும் அதே நீரினால்தான்.

வடமாநிலங்களிலும் தக்காணத்திலும் குடியேறியுள்ள நம்மவர் கவனிக்கத்தக்க இன்னொன்று. அங்கே பல நகரங்களில் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் கடின நீராக இருக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த அந்நீரில் சோப்பு நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து வெண்மையான பிசுக்காகத் துணியில் படியும். சபோனின் அவ்வாறு திரிவதில்லை. எனினும் இதைக் கேட்டு வீட்டுத் துணிகள் யாவற்றையும் பூந்திக்கொட்டையில் போட்டுவிட வேண்டாம். சமையலறைக் கைத்துணியின் எண்ணெய்க் கறைக்கும் பள்ளிச் சிறுவனின் சட்டைக் கழுத்துக்கும் அதன் வலிமை போதாது. வெள்ளைத் துணியை நாளடைவில் மங்கச் செய்வதும் உண்டு. அதற்குச் சோப்பே மேல்.

பித்தளைக் குத்துவிளக்கின் கதை வேறு. அதன் மீது படியும் கருமை எண்ணெயழுக்கு அன்று. உலோகம் காற்றோடு கூடி உண்டாகும் ஆக்சைடு. அதனைக் கரைக்க அமிலம் வேண்டும். புளியில் டார்ட்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. புளியைத் தேய்த்துச் சிறிது நேரம் விட்டுக் கழுவினால் பொன்போல் மின்னும். ஆனால் சரியாகக் கழுவித் துடைக்காமல் விட்டுவிட்டால் மறுநாள் பச்சை பூத்துவிடும். புளி கெட்டது என்று கடைக்காரரை நொந்துகொள்ளாமல் நம் சோம்பலை நொந்துகொள்ள வேண்டும். அலுமினியப் பாத்திரத்திற்கும் சலவைக்கல் தரைக்கும் புளி, எலுமிச்சை இரண்டும் ஆகா. சலவைக்கல் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. அமிலம் பட்ட இடம் அரித்து மங்கிவிடும்.

அடுப்புச் சாம்பல் மூன்றாம் முறையில் வேலை செய்கிறது. விறகுச் சாம்பலில் பொட்டாஷ் என்னும் காரம் உண்டு. அது பாத்திரத்து எண்ணெயுடன் சேர்ந்து அவ்விடத்திலேயே சிறிது சோப்பை உண்டாக்குகிறது. உமிச்சாம்பலில் மணற்சத்தாகிய சிலிகா மிகுதி. அது தேய்த்து அகற்றும். பல்பொடிகள் பெரும்பாலும் இத்தகைய தேய்ப்பையே நம்பியவை. நஞ்சன்கூட்டைப் பற்றிப் பேசும்போது பல்பொடியைக் குறிப்பிடாமல் விட இயலாது. வைத்தியர் பி.வி. பண்டிட் 1913-இல் அங்கே தொடங்கிய சத்வைத்தியசாலையின் இளஞ்சிவப்புப் பல்பொடி, அவ்வூர்ப் பெயரைக் கோயிலுக்கு வராதவர் வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது. கன்னட நாட்டில் 'நஞ்சன்கூடு' என்றால் பாதிப்பேர் கோயிலையும் மீதிப்பேர் பல்பொடியையும் நினைப்பர். ரசபாளை வாழைப்பழத்தை நினைப்போரும் உண்டு.

இனிப் புட்டிக்கு வருவோம். 'தாவரங்களிலிருந்து' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பொய்யன்று. ஆனால் அந்தத் தாவரம் பூந்திக்கொட்டையாக இருக்கவேண்டும் என்பதில்லை. இன்றைய நுரைப்பொருள்கள் பலவற்றுக்கு மூலம் தேங்காயெண்ணெயும் பனைக்குடும்பத்துப் பாமாயிலும். இவ்வெண்ணெய்களை ஆலையில் பல படிகளில் மாற்றி நுரைப்பொருள் ஆக்குகின்றனர். அவற்றுள் சில தோலுக்கு இதமானவை. மக்காச்சோள மாவுச் சர்க்கரையையும் தேங்காய்ச் சத்தையும் இணைத்துச் செய்யும் குளுக்கோசைடு இனம் அத்தகையது. சில தோலை வறளச் செய்பவை. எண்ணெயிலிருந்து செய்யப்படும் லாரில் சல்ஃபேட் அவ்வகையினது. இரண்டும் தேங்காயின் வழிவந்தவையே. எனவே மூலம் எது என்பதைக் காட்டிலும், அது இப்பொழுது என்னவாக மாறியிருக்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

வாசனையைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயம் முற்றுப்பெறாது. வாங்குபவர் கடையில் புட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தே தீர்மானிக்கிறார். செடிகள் நமக்காக மணப்பதில்லை. பூச்சியை அழைக்கவும், தழையைத் தின்ன வருவதை விரட்டவும் அவை சில எண்ணெய்களைச் சேமித்து வைக்கின்றன. இவை எள்ளெண்ணெய்போல் பிசுக்காகத் தங்குவதில்லை, காற்றில் ஆவியாகிவிடும். அதனால் நீராவியோடு சேர்த்து வடித்தெடுக்கலாம். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாக உதகமண்டலம் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோர், மலையேறியதும் தைல மரத்தின் மணம் வண்டிக்குள் புகுவதை உணர்ந்திருப்பர். நீலகிரித் தைலம் அதன் இலையிலிருந்து வடிப்பதே. கேரளத்து எலுமிச்சைப்புல் எண்ணெய் உலகச் சந்தையில் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர் பெற்றது. பெரும்பாவூரை அடுத்த ஓடக்காலியில் 1951-இல் அதற்கெனவே ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. வெட்டிவேர் என்னும் நம் சொல்லோ ஐரோப்பிய மொழிகளுக்கே சென்றுவிட்டது. பாரிஸ் நகரத்து அத்தர்க் கடையிலும் அது 'வெட்டிவேர்'தான். அவ்வாறிருக்க, தில்லிக் கடைத்தெருவில் 'கஸ்' என்று கேட்டால்தான் நமக்குக் கிடைக்கிறது.

எல்லா மணமும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீன் மிக இலேசானது. தரையைத் துடைத்து முடிப்பதற்குள் பறந்துவிடும். சந்தனத்திலுள்ள சாண்டலால் கனமானது, மணிக்கணக்கில் தங்கும். சந்தனத்தின் மதிப்புக்கு இந்த நிலைத்த தன்மை ஒரு பெருங்காரணம். முதல் உலகப் போர் 1914-இல் மூண்டதும் ஜெர்மனிக்குச் சென்றுகொண்டிருந்த மைசூர்ச் சந்தனக்கட்டை தேங்கிப்போயிற்று. அப்பொழுது மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான் விசுவேசுவரய்யா. கட்டையை ஏற்றுமதி செய்வதற்குப் பதிலாக எண்ணெயை இங்கேயே வடிப்பது என்று தீர்மானித்தனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சட்பரோ, வாட்சன் ஆகியோர் வழிவகை கண்டனர். 1916-இல் எண்ணெய் வடிக்கும் பணி தொடங்கியது. எஸ்.ஜி. சாஸ்திரி என்பார் இங்கிலாந்து சென்று சோப்புத் தொழிலையும் மணப்பொருள் கலவையையும் கற்றுவந்தார். மைசூர்ச் சந்தன சோப்பு 1918-இல் கடைக்கு வந்தது. சோசலெ கரளபுரி சாஸ்திரி என்பது அவரது முழுப்பெயர். கரளம் என்றால் நஞ்சு. கரளபுரி என்பது நஞ்சன்கூட்டின் வடமொழிப் பெயரே. நறுமணத்தால் புகழ் பெற்றவரின் பெயரில் நஞ்சு அமர்ந்திருப்பதைச் சொல்லாராய்ச்சியில் பழகிய என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

மணம் அழுக்கை அகற்றுகிறதா என்றால், ஏறக்குறைய இல்லை என்றே சொல்லவேண்டும். லிமோனீன் எண்ணெய்க் கறையைக் கரைக்கவல்லது; பிசின் ஒட்டிய கையில் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து பார்த்தால் தெரியும். ஆனால் வாளி நீரில் கலக்கும் மூடியளவு திரவத்தில் அதன் பங்கு சில துளிகளே. அங்கே அது மூக்கிற்கு மட்டும் வேலை செய்கிறது. மூக்கோ எளிதில் ஏமாறக்கூடியது. கழிவுநீர்க் குழாய் கசிகின்ற இடத்தில் எலுமிச்சை மணம் வீசினால் கசிவு நின்றுவிட்டதாக மனம் நம்பிவிடும். மைசூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு மூலையில் ஈரவாடை இருந்துகொண்டே இருந்தது. ஓராண்டுக் காலம் அதன் மீது விதவிதமான மணங்களைத் தெளித்தோம். பிறகு அலமாரியை நகர்த்திப் பார்த்தால் சுவர் முழுவதும் பூசணம். அதற்குள் என் இளைய மகளுக்கு இருமல் நிலைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்து காற்று வரச் செய்வதும் ஒழுகும் குழாயை அடைப்பதும் செலவில்லாத வேலைகள். அவற்றைத் தள்ளிப்போட வைத்தது அந்த வாசனையே.

கிருமியைக் கொல்வதும் அதுபோலத் தனி வேலை. வேம்பு, எலுமிச்சைப்புல், தைலம் ஆகியவற்றின் எண்ணெய்கள் செறிவாக இருக்கும்போது சில கிருமிகளை அழிப்பது சோதனைச் சாலையில் கண்ட உண்மை. நீரில் கரைத்துத் தரையில் ஒரு முறை துடைக்கும் அளவில் அதே பலனை எதிர்பார்க்க இயலாது. அன்றாட வீட்டிற்கு அழுக்கு அகன்று வெயிலும் காற்றும் பட்டாலே பெரும்பாலும் போதும். வீட்டில் வாந்திபேதி போன்ற நோய் கண்டபோது மாத்திரம் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் போன்ற உண்மையான கிருமிநாசினி தேவை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சைச் சாற்றையோ புளியையோ வினிகரையோ எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது. இரண்டும் கூடினால் குளோரின் என்னும் விஷவாயு கிளம்பும். இரண்டு நல்ல பொருள் சேர்ந்தால் இரட்டிப்பு நன்மை என்று எண்ணி, காற்றுப் புகாத குளியலறையில் இதைச் செய்துவிட்டு மூச்சுத் திணறுவோர் உண்டு. ஒன்றை உபயோகித்த இடத்தை நன்றாக நீர் விட்டுக் கழுவிய பிறகே மற்றொன்றைத் தொடவேண்டும்.

'இயற்கை' என்ற சொல்லுக்குத் 'தீங்கற்றது' என்று பொருள் எந்த அகராதியிலும் இல்லை. கற்பூரத்தையோ தைலத்தையோ சிறு குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்புக் காணக்கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அழகிய பழச்சாற்றுப் புட்டிபோல் தோற்றமளிக்கும் துப்புரவுத் திரவங்களைக் கைக்கெட்டாத உயரத்தில் வைப்பது அவசியம். லிமோனீன், லினலூல் போன்றவை காற்றுப்பட்டுப் பழகும்போது மாறுபாடு அடைந்து, சிலரின் தோலில் அரிப்பை உண்டாக்குகின்றன. ஐரோப்பாவில் 2005 முதல் இத்தகைய 26 மணப்பொருள்களின் பெயரைக் குறித்த அளவுக்கு மேற்பட்டால் மேலட்டையில் தனியே அச்சிடவேண்டும் என்று விதித்தனர். பிறகு 2023-இல் அழகுப் பொருள்களுக்கு அப்பட்டியலை நீட்டினர். பூவிலும் பழத்திலும் உள்ளவை அவற்றுள் பல. மூடி திறந்து ஓராண்டு கிடந்த புட்டியைக் கைகளில் ஊற்றித் தேய்க்காதிருப்பது நல்லது. பூந்திக்கொட்டை நீரும் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தேங்கிய நீரில் அதைக் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் முன்பு பல இடங்களில் இருந்தது. சபோனின் மீனின் செவுள்களைத் தாக்குகிறது. மண்ணில் அது விரைவில் சிதைந்துவிடும் என்பதால் துவைத்த நீரைத் தோட்டத்து மரத்திற்கு ஊற்றலாம். கபிலையில் கொட்ட வேண்டாம். குளத்தில் நிச்சயமாக வேண்டாம்.

அண்மைக் காலத்தில் பழத்தோலைப் புளிக்கவைத்துத் துப்புரவுத் திரவம் செய்யும் வழக்கம் பரவியுள்ளது. வெல்லம் 1 பங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. மூன்று மாதம் மூடி வைப்பது. நொதிகள் நிறைந்தது என்று புகழ்வர். உண்மையில் அதன் வலிமையில் பெரும்பகுதி புளிப்பில் உண்டாகும் அமிலத்திற்கே உரியது. குழாயில் படிந்த சுண்ணாம்புக் கறைக்கு அது நன்று. முதல் மாதத்தில் நாள்தோறும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் புட்டியில் மேலே இடம் விட்டு நிரப்புவது உத்தமம். எங்கள் வீட்டில் நாங்கள் ஊருக்குச் சென்றிருந்த ஒரு வாரத்தில் புட்டி வெடித்து, சமையலறைக் கூரையில் ஆரஞ்சுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது அகலப் பூந்திக்கொட்டை உதவவில்லை, வண்ணமடிப்பவரைத்தான் அழைத்தோம்.

பூந்திக்கொட்டையைத் தேடுவோர்க்குக் கடைப்பெயர்கள்: கன்னடத்தில் அண்டுவாள, தெலுங்கில் குங்குடு காய், இந்தியிலும் மராட்டியிலும் ரீட்டா, குஜராத்தியில் அரீட்டா. சீயக்காய் கன்னடத்தில் சீகெக்காய். இந்திக்காரரும் ஷிகாகாய் என்பதால் தொல்லையில்லை. வெட்டிவேரைக் கன்னடத்தில் லாவஞ்ச என்றும் மலையாளத்தில் ராமச்சம் என்றும் கேட்க வேண்டும். வாங்கும்போது கையில் பிடித்து அழுத்திப் பார்த்தால் தோல் சற்றே ஒட்டவேண்டும். பொடியாக உதிர்வது பழைய சரக்கு. பத்துப் பன்னிரண்டு காய்களைத் தட்டிக் கொட்டையை நீக்கி, தோலை மட்டும் ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் கசக்கி வடிகட்டலாம். இரண்டு பட்டுப் புடவைகளுக்குப் போதும். நுரை சோப்பைப்போல் பொங்கி நிற்காது என்று கலங்க வேண்டாம். அந்த நீருக்குப் பச்சைக் காயின் புளித்த வாடைதான் இருக்கும். புடவை நிழலில் உலர்ந்ததும் அதுவும் போய்விடும். எஞ்சிய நீரைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். கொட்டையை எறிய வேண்டாம். எங்கள் வீட்டில் இப்பொழுது பல்லாங்குழி ஆடுவது அவற்றைக் கொண்டுதான்.